அயல்வீடும் அறமும்

மனிதன் தன் பெற்றோரைத் தேர்ந்துகொள்வதில்லை. பிறந்த மொழியையும் தேர்ந்துகொள்வதில்லை. வளர்ந்து பொருளீட்டத் தொடங்கியபின் அவன் தானே தேர்ந்துகொள்பவை சிலவே. அவற்றுள் ஒன்று குடியிருக்கும் வீடு. வீட்டைத் தேர்பவன் வீட்டை மட்டுமா தேர்கிறான்? வலப்பக்கத்தாரையும் இடப்பக்கத்தாரையும், எதிர்வாசலில் கோலமிடுவோரையும் ஊதுவத்தி ஏற்றுவோரையும் சேர்த்தே தேர்கிறான். அதுமட்டுமன்று. தான் அறியாமலேயே அவ்வயலார்க்குத் தன்னையும் ஓர் அயலானாகத் தந்துவிடுகிறான். முன்னதை எல்லோரும் எண்ணிப் பார்க்கின்றனர். பின்னதை எண்ணுவோர் அரியர். அறத்தின் வினா பிறப்பது அந்த இரண்டாம் இடத்திலேதான்.

ஓர் ஊரைக் கருதுக. அவ்வூரில் பிறரை வெறுப்பவர் ஒருவரும் இல்லை. சந்தையில் எல்லோரும் கலந்து பேசுகின்றனர்; திருநாளில் பலகாரம் பரிமாறிக்கொள்கின்றனர். எனினும் மாலையில் வீடு திரும்பும்போது ஒவ்வோர் இனத்தாரும் ஒவ்வொரு திசையில் பிரிந்து போகின்றனர். இங்கே சீனர் தெரு, அங்கே மலாயர் கம்போங், அதற்கப்பால் இந்தியர் குடியிருப்பு. இந்தப் பிரிவு யார் செய்த குற்றம்? எவர் நெஞ்சிலும் இல்லாத ஒரு தீமை ஊரில் மட்டும் இருத்தல் கூடுமா?

மூன்று கோடுகள்

ஊர் பகுதிபகுதியாகப் பிரிந்திருத்தல் புதுமையன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரமே மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாக விளங்கியது. ஒன்றில் வணிகரும் கைவினைஞரும் கடல்கடந்து வந்தோரும் வாழ்ந்தனர். மற்றொன்றில் அரச வீதியும் உயர்குடியினர் மனைகளும் இருந்தன. எனினும் வேற்று நாட்டார் பலர் ஒரே பாக்கத்தில் உடனுறைந்த செய்தியையும் இளங்கோவடிகள் பெருமையாகவே குறிக்கிறார். பிரிவையும் கலப்பையும் தமிழர் ஒரே நகரில் கண்டவர்கள்.

மலேசியத் தமிழர் இவ்வினாவை ஆராய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் நெடுஞ்சாலையில், கோல லங்காட் மாவட்டத்தில் ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூர் உள்ளது. அவசரகாலத்தில் தோன்றிய சீனப் புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் படைத்தலைவர் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 480 அளவிலான புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் சீனர். முட்கம்பி வேலி, காவற்கோபுரம், ஊரடங்கு, அரிசிக்கு அளவுக் கட்டுப்பாடு ஆகியவற்றோடுதான் அவ்வாழ்க்கை தொடங்கியது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவும் செய்தியும் செல்லாமல் தடுப்பதே அரசின் நோக்கம். அவசரகாலம் 1960இல் முடிந்தது, வேலி அகன்றது, ஊர் அகலவில்லை.

இந்தியர் இருந்த இடத்தைத் தீர்மானித்தது வேறொரு கை. ஜெஞ்சாரோமைச் சூழ்ந்த கோல லங்காட் வட்டாரம் இரப்பருக்கும் பின்னர் செம்பனைக்கும் பெயர்பெற்ற தோட்டப்புறம். மேட்டில் துரையின் பங்களா. இடையில் கிராணிமார் வீடுகள். தாழ்வில் தொழிலாளர் லயங்கள். பால்மரம் சீவுவோன் எங்கே படுத்துறங்க வேண்டும் என்பதைத் தோட்ட நிருவாகம் வரைந்து வைத்திருந்தது. தொடக்க காலத்தில் லயங்களுக்குள்ளேயே சாதி பார்த்து வீடு ஒதுக்கிய தோட்டங்களும் இருந்தன. மலாயர் நிலத்துக்கோ 1913இல் இயற்றப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வேறொரு கோடு போட்டது.

ஆக, ஒன்று படைத்தலைவர் போட்ட கோடு. மற்றொன்று முதலாளி போட்ட கோடு. மூன்றாவது சட்டம் போட்ட கோடு. குடியிருந்தோர் எவரும் இவற்றைத் தாமே விரும்பி வரைந்துகொண்டதாகச் சொல்வதற்கில்லை. பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பகுதியாக வளர்ந்ததற்கும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் அங்கே அமைந்தமை ஒரு பெருங்காரணம்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் பட்டணத்துப் புறம்போக்கு நிலங்களுக்கும், பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும், தாமான்களுக்கும் வந்து சேர்ந்தனர். கோட்டைப் போட்டவர் போய்விட்டார், சங்கிலியும் இல்லை, வேலியும் இல்லை. அப்படியிருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தாமான்களில் இனவாரியான கொத்துகள் மீண்டும் தோன்றியது ஏன்? இதற்கு விடை தேடும்போதுதான் கணிதம் உதவிக்கு வருகிறது.

நாணயங்கள் சொல்லும் செய்தி

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1969இலும் 1971இலும் இதுபற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1978இல் நூலொன்றிலும் விரிவாக எழுதினார். ஆட்டக் கோட்பாட்டின் வழியாகப் பூசலையும் ஒத்துழைப்பையும் விளக்கியமைக்காக 2005ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசை இராபர்ட் ஔமனுடன் பகிர்ந்துகொண்டவர் அவர். குடியிருப்புப் பிரிவினையை ஆராய அவர் கையாண்ட கருவி மிக எளியது: கட்டம் போட்ட தாள் ஒன்று, இருவகை நாணயங்கள் சில. எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவனும் தன் மேசைமேல் செய்து பார்க்கலாம்.

சதுரங்கப் பலகையில் இருவகைக் காசுகளையும் சமமாகக் கலந்து வைத்து, சில கட்டங்களை வெறுமையாக விடுக. ஒவ்வொரு காசும் ஒரு குடும்பம். அதனைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்கள் அதன் அயல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரேயொரு விருப்பம் உண்டு: அயலாருள் மூன்றிலொரு பங்கினராவது தன் வகையினராக இருத்தல் வேண்டும். இதைப் பேராசை என்று எவரும் சொல்லார். மூன்றில் இருபங்கினர் வேற்றினத்தாராக இருப்பினும் மகிழ்ந்திருப்போம் என்பதன்றோ இதன் பொருள்? விருப்பம் நிறைவேறாத காசு வெற்றுக் கட்டத்துக்கு இடம்பெயரலாம்.

ஒரு காசு பெயர்ந்தவுடன் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. விட்டுவந்த இடத்தில் அதன் இனத்தார்க்குத் துணை ஒன்று குறைகிறது. இதுவரை நிறைவோடிருந்த ஒரு காசு இப்போது நிறைவிழக்கிறது. சென்றுசேர்ந்த இடத்தில் மற்ற இனத்தார்க்கு வேற்றார் ஒருவர் கூடுகிறார். அங்கும் ஒரு காசு நிறைவிழக்கலாம். அவையும் பெயர்கின்றன, அவற்றால் வேறு சிலவும் பெயர்கின்றன. ஆட்டம் ஓயும்போது, கலந்து கிடந்த பலகை திட்டுத்திட்டாகப் பிரிந்து கிடக்கிறது. நூற்றுக்கு முப்பது பங்கு போதும் என்று தொடங்கிய குடும்பங்கள், நூற்றுக்கு எழுபது அளவில் தம்மவரே சூழ்ந்த அயலில் போய் முடிகின்றன. இந்த எழுபதை எவரும் கேட்கவில்லை. எவரும் திட்டமிடவும் இல்லை.

இந்தப் பாடத்தை மலேசிய இந்தியர்க்குப் பொருத்திப் பார்த்தால் மற்றோர் உண்மை வெளிப்படுகிறது. நாட்டுக் குடிமக்களுள் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர். நாடு முழுவதும் குலுக்கல் முறையில் வீடு கொடுத்து முற்றிலும் கலந்துவிட்டதாகக் கற்பனை செய்க. எட்டு அயல்வீடுகளுள் ஒன்றுகூடத் தம்மவர் வீடாக இராத இந்தியக் குடும்பங்கள் எத்தனை? கணக்கிட்டால் நூற்றுக்கு 56 என்று வரும். இரண்டு வீடாவது தம்மவருடையதாக இருக்க வேண்டுமென்றால், நூற்றுக்கு 90 குடும்பங்கள் ஏமாற்றமடையும். நூற்றுக்கு எழுபது அளவிலுள்ள பெரும்பான்மையோர்க்கோ அதே விருப்பம் ஏறத்தாழ ஒரு வீடு விடாமல் நிறைவேறிவிடும்.

எட்டில் இரண்டு என்பது ஒரே ஆசைதான். பெரும்பான்மையோன் அதனை இருந்த இடத்தில் இருந்தே பெறுகிறான். சிறுபான்மையோன் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தே பெற வேண்டியிருக்கிறது. பின்னர் நடந்தவனைப் பார்த்து, ‘இவர்கள் ஒதுங்கி வாழ்பவர்கள்’ என்று உலகம் சொல்கிறது. நடக்க வேண்டிய தேவையே நேராதவன் பரந்த மனத்தினன் எனப் பெயர் பெறுகிறான். இருவர் நெஞ்சமும் ஒன்றே, எண்ணிக்கையே வேறு. இதை உணராமல் சிறுபான்மையோரின் ஒழுக்கத்தை எடைபோடுவது தராசை வளைத்துவிட்டு நிறுப்பதற்கு ஒப்பாகும்.

நல்லெண்ணம் போதுமா?

‘மக்கள் மனம் திருந்தினால் எல்லாம் சரியாகும்’ என்பது மேடைகளில் வழக்கமாகக் கேட்கும் முடிவு. ஆட்டக் கோட்பாடு இதனை ஐயுறுகிறது. பிறர் செயல்களைக் கண்டு ஒவ்வொருவரும் தமக்கேற்றதைத் தேர்ந்தபின், தனியொருவர் மட்டும் மாறுவதால் அவர்க்கு நன்மையேதும் இல்லாத நிலையை அக்கோட்பாடு சமநிலை என்று கூறும். அக்கருத்தை 1950இல் நிறுவியவர் ஜான் நாஷ். சமநிலை என்பதற்கு நல்ல நிலை என்பது பொருளன்று. எவரும் தனித்து அசைய மாட்டாத நிலை என்பதே பொருள்.

ஜுன்பு சாங் என்னும் பொருளியல் அறிஞர் 2004இல் ஓர் உலகைக் கற்பித்துக் காட்டினார். அவ்வுலகில் எல்லோரும் கலந்து வாழவே விரும்புவர். பாதி தம்மவர், பாதி பிறர் என்பதே ஒவ்வொருவர்க்கும் முதல் விருப்பம். அது கிட்டாதபோது மட்டும், சிறுபான்மையாய்த் தனித்து நிற்பதைவிடத் தம்மவர் நடுவில் இருப்பதே மேல் என்று எண்ணுவர். அவ்வளவுதான். அவ்வுலகும் காலப்போக்கில் பிரிந்தே போகிறது. பிரிந்த நிலையே நெடுநாள் நிலைக்கிறது. எல்லோரும் விரும்பிய ஊர் ஒன்று. எல்லோர்க்கும் வாய்த்த ஊர் வேறொன்று.

காரணம் எளிதில் விளங்கும். கலந்த தெரு என்பது ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய பொருளன்று. பலர் ஒருங்கே காக்க வேண்டிய பொருள். அதில் ஒருவர் வெளியேறினால் அவர்க்கு வரும் நன்மை அவர் கைக்கு வருகிறது. அவர் வெளியேறியதால் பிறர்க்கு நேரும் தீமை அவர் கணக்கில் எழுதப்படுவதில்லை. 1969 மே 13 போன்ற கொடிய நாளின் நினைவு மக்கள் மனத்தில் இருக்கும்போது, தனித்து நிற்பதற்கான அச்சம் இன்னும் மிகும். அச்சத்தால் பெயர்பவனைச் சுவையால் பெயர்பவனோடு ஒன்றாக வைத்தல் முறையாகாது.

கணிதம் காணாதது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஷெல்லிங்கின் பலகையை இருவகையாகத் தவறாகப் பயன்படுத்தலாம். ‘பார்த்தீர்களா, பிரிவினை தானே விளைவது, எவர் மீதும் பழியில்லை’ என்று கைகழுவுவோர் ஒரு சாரார். ‘தம்மவரை நாடும் ஒவ்வொருவரும் பிரிவினைக்குப் பொறுப்பாளியே’ என்று எல்லோரையும் கூண்டில் ஏற்றுவோர் மற்றொரு சாரார். இருசாராரும் காசுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவர்கள்.

காசுக்கு வரலாறு இல்லை. எல்லாக் காசுக்கும் எல்லா வெற்றுக் கட்டமும் திறந்திருக்கும். மனிதன் நிலை அதுவன்று. ஜெஞ்சாரோம் புதுக்கிராமத்து முதற்குடிகள் காசுகளைப் போலத் தாமே பெயர்ந்தவர்கள் அல்லர், பெயர்க்கப்பட்டவர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழனுக்கும் எல்லாக் கட்டமும் திறந்திருக்கவில்லை; அவன் கைப்பணம் திறந்த கட்டங்கள் சிலவே. அவன் வாடகைக்கு வீடு கேட்டுச் செல்லும்போது, குறித்த இனத்தார்க்கே வீடு என்று விளம்பரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கத்தையும் சந்திக்கிறான். இங்கே நிகழ்வது மென்மையான விருப்பத்தின் விளைவா? அன்று. கதவை அடைத்தல் வேறு. கதவைத் தேர்தல் வேறு.

ஆகவே அறநூலார் வகுக்க வேண்டிய முதற்கோடு இதுவே: தம்மவரை நாடுதல் ஒன்று, பிறரை விலக்குதல் மற்றொன்று. இரண்டும் தாளில் ஒரே வடிவத்தைத் தரலாம், நெஞ்சில் ஒன்றல்ல. முன்னது உரிமை, பின்னது தீங்கு.

இக்கோட்டை நேர்மையாக வரைய விரும்பும் தமிழன் முதலில் தன் முற்றத்தில் வரைந்து பார்த்தல் வேண்டும். தமிழகத்து ஊரும் சேரியும் எந்த நாணய ஆட்டத்தில் பிரிந்தன? அங்கே இருசாராரும் மென்மையாக விரும்பி விலகவில்லை. ஒரு சாரார் விலக்கினர், மறுசாரார் விலக்கப்பட்டனர். கிணறும் பாதையும் சுடுகாடும் வேறாயின. கடல்கடந்த பின்னும் அப்பழக்கம் லயத்து வரிசைகளில் ஒட்டிக்கொண்டு வந்தது. வாடகை வீட்டு வாசலில் இனத்தின் பெயரால் திருப்பியனுப்பப்படும்போது துடிக்கும் நெஞ்சம், சாதியின் பெயரால் தான் பிறரைத் திருப்பியனுப்பிய வாசலையும் நினைத்துத் துடிக்க வேண்டும். இல்லையேல் அத்துடிப்பு வலியே அன்றி அறமன்று.

கூடி வாழ்தலின் நன்மை

பிரிந்து வாழ்தல் முழுவதும் தீமையே என்று முடிவு கட்டுவோரும் சற்று நிதானிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஒன்று நடைபெற வேண்டுமானால் நடந்துவரும் தொலைவில் போதிய பிள்ளைகள் இருத்தல் வேண்டும். கோயிலுக்கு அடியார் வேண்டும்; மாரியம்மன் திருவிழாவுக்குத் தோள்கொடுப்போர் வேண்டும்; இழவு வீட்டுக்கு இரவோடிரவாக வந்துநிற்போர் வேண்டும். நாடு விடுதலை பெற்ற 1957இல் எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றிருபதுக்குச் சற்று மேல். தோட்டங்கள் கலைந்து மக்கள் சிதறியது இக்குறைவுக்குரிய காரணங்களுள் தலையாயது. சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலதரப்பட்ட நண்பரைப் பெற்றிருக்கலாம், அது பெரும்பேறே. ஆயினும் வகுப்பில் பத்துப்பேர்கூட இல்லாமல் தவிக்கும் தமிழாசிரியரை நோக்கிக் ‘கலப்பே உயர்ந்த அறம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது, நேர்மையன்று.

மற்றொன்று: அருகில் வாழ்வதாலேயே அன்பு பிறந்துவிடாது. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நிகழ்ந்த வன்முறையில் உயிரிழந்தோருள் பெரும்பாலோர் இந்தியர். இனத்தார் இருவரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஏழை மக்கள் குடியிருப்பு அது. வறுமையையும் நெரிசலையும் அப்படியே விட்டுவிட்டு, வீடுகளை மட்டும் கலந்து வைத்தால் அயலார் கிடைப்பர், அயன்மை கிடைக்காது.

சட்டமும் அதன் விலையும்

தனியொருவரின் நல்லெண்ணம் போதாதெனில் அரசின் சட்டம் போதுமா? சிங்கப்பூர் அரசு 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொணர்ந்தது. அரசு வீடமைப்பு வட்டாரம் ஒன்றில் சீனர் 84 விழுக்காட்டையும், மலாயர் 22 விழுக்காட்டையும், இந்தியரும் பிறரும் 10 விழுக்காட்டையும் மிகக்கூடாதென வரம்பு விதித்தது. கடைசி வரம்பு 2010இல் 12 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி வரம்பு உண்டு. இது ஷெல்லிங் பலகைக்கு நேரான மாற்று மருந்து. சங்கிலித்தொடரின் ஒரு கண்ணியைச் சட்டம் பிடித்து நிறுத்துகிறது. பள்ளியிலும் மின்தூக்கியிலும் விளையாட்டிடத்திலும் மூவினத்தாரும் நாள்தோறும் காண்கின்றனர் என்பது அதன் நன்மை.

அதன் விலையை யார் செலுத்துகின்றனர்? வரம்பு நிறைந்த கட்டடத்தில் தன் வீட்டை விற்க விரும்பும் இந்தியர் இன்னோர் இந்தியர்க்கோ பிறர் பிரிவினர்க்கோ விற்கலாம். சீனர்க்கு விற்கும் வாய்ப்பு சீனர் வரம்பு நிறைந்திருப்பின் இல்லை. வாங்குவோர் தொகை சுருங்கும்போது விலையும் சுருங்கும். சிறுபான்மையோரே இச்சுமையை மிகுதியாகத் தாங்குகின்றனர். பொதுநன்மைக்குரிய கட்டணத்தைச் சிறியவர் தோள்மீது ஏற்றுவது முறையா என்னும் வினா அங்கே இன்னும் ஓயவில்லை.

தமிழகத்தில் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மற்றவர்க்கு 10. அடுத்தடுத்து எல்லோரும் கலந்திருக்குமாறு வீடுகள் ஒதுக்கப்பட்டன. நூற்றாண்டுப் பழைமையுள்ள கோட்டை நூறு வீடுகள் அழித்துவிடுமா என்று நகைப்போர் உண்டு. ஆனால் ஊரும் சேரியும் இயற்கையன்று, மனிதர் வரைந்தவை. வேறுவிதமாகவும் வரையலாம் என்று கல்லிலும் சுண்ணாம்பிலும் காட்டியது அதன் சிறப்பு.

பொறுப்பு என்னும் சொல்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். எவர் நெஞ்சிலும் இல்லாத தீமை ஊரில் இருத்தல் கூடும். அதற்குக் குற்றவாளி இல்லாமல் இருக்கலாம். பொறுப்பாளி இல்லாமல் இராது. குற்றம் என்பது செய்ததைப் பற்றியது. பொறுப்பு என்பது இனிச் செய்ய வேண்டியதைப் பற்றியது. மழைவெள்ளத்தை எவரும் வரவழைக்கவில்லை. எனினும் கால்வாய் வெட்டுவது எல்லோர் கடமையும் ஆகும். கோடு போட்டவர்க்குக் குற்றம்; கோட்டின்மேல் வாழ்பவர்க்குப் பொறுப்பு.

அப்பொறுப்பு எத்தகையது? விற்க வந்தவரிடமும் வாடகைக்கு வந்தவரிடமும் இனமும் சாதியும் கேளாதிருத்தல் முதலாவது. இது எவராலும் இன்றே இயலும். எவர் துணையும் வேண்டுவதில்லை. தெருவில் முதல் வேற்றினக் குடும்பம் வரும்போது விலைப்பலகை மாட்டாதிருத்தல் இரண்டாவது. சங்கிலி ஓடுவதும் நிற்பதும் அந்தச் சில மாதங்களிலேதான். வீடுகள் பிரிந்திருப்பினும் கோப்பிக்கடையும் திடலும் நூலகமும் எல்லோர்க்கும் ஒன்றாயிருக்குமாறு காத்தல் மூன்றாவது. தம்மவர் கூடிவாழும் இடத்துக்கு வாயில் வைத்தல் வேண்டும். மதில் வைத்தல் ஆகாது.

ஜெஞ்சாரோம் இதற்கொரு சான்று. 2018 ஜனவரியில் சீன நாடு வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளைத் தடை செய்தபின், அக்கழிவு கப்பல் கப்பலாக மலேசியாவுக்குத் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமம் இல்லாத தொழிற்கூடங்கள் பல முளைத்தன. இரவில் எரித்த நெகிழியின் புகை ஊரை மூடியது. படைத்தலைவர் போட்ட கோட்டையும் முதலாளி போட்ட கோட்டையும் சட்டம் போட்ட கோட்டையும் அப்புகை மதிக்கவில்லை. ஊரார் முறையிட்டனர்; விடாது முறையிட்டனர்; அதிகாரிகள் கூடங்கள் பலவற்றை மூடினர். அதே ஊரில் தோங் சென் புத்த ஆலயத்தின் சீனப் புத்தாண்டு விளக்குகளைக் காண ஆண்டுதோறும் பல இனத்தாரும் திரள்கின்றனர்.

நெஞ்சுக்குள் போகும் காற்றுக்குத் தனிக் கம்போங் இல்லை. தனித் தாமான் இல்லை. தனி லயமும் இல்லை. பலகையிலுள்ள காசு தன்னைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களைத்தான் காணும். மனிதனோ ஒன்பதாவது கட்டத்தையும் எண்ணிப் பார்க்க வல்லவன். அந்த ஒரு கட்டத் தொலைவே காசுக்கும் மனிதனுக்கும் உள்ள தொலைவு. அதனை நடந்து கடப்பவனே அயலான் என்னும் சொல்லுக்கு உரியவன் ஆகிறான்.